மூன்றாம் ஓலையில் யார் பெயர்

அத்தியாயம் 17

சனிக்கிழமை சாயங்காலம் டேப் பிடித்து வீட்டை அளந்துவிட்டுப் போன ஆள் யார் என்று அபிஷா கேட்டாள். "முனிசிபாலிட்டி வரிக்கு அளக்கான்" என்றார் அத்தை ஹெலன் டீச்சர். இரண்டாவது தடவை கேட்டபோது பெயிண்டர் என்றார். மூன்றாவது தடவைதான் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"வீட்டை வித்துட்டேன்ட்டி."

போன வாரம் அங்கேதான் விட்டோம். அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

வீடு சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இருந்தது. மாடி கிடையாது. ஆனால் முன்னால் ஒரு கார் நிறுத்த இடம் இருந்தது. அந்த இடத்தைப் பார்த்துத்தான் புளியங்குடிக்காரர்கள் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை ஜெபசிங் அபிஷாவைப் பார்த்தது வேறு இடத்தில். அவனுடைய அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் நடந்தபோது ஊசி குத்திய நர்ஸ் அவள். அப்பா போன வருஷம் செத்துப்போனார். பையன் மட்டும் அதற்கப்புறமும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துகொண்டிருந்தான். விஷயம் தெரிந்ததும், தறி ஓட்டுகிறவன் மகளா என்று அவனுடைய அம்மா பியூலா ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. பிறகு யாரோ, பெண்ணுக்கு ஒரு அத்தை உண்டு, டீச்சர், கல்யாணம் கட்டாதவர், ரோட்டுமேல் வீடு, வேறு வாரிசு இல்லை என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பியூலா பழக்கூடையோடு வந்து இறங்கினார்.

அந்த வீட்டை ஹெலன் சும்மா வாங்கவில்லை. மேலநீலிதநல்லூரில் பென்ஷன் இல்லாத ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பஸ் பிடித்துப் போய் வந்து, சீட்டுப் போட்டுப் போட்டு அறை அறையாகக் கட்டியது. தாயில்லாத அபிஷா வளர்ந்தது அங்கேதான். விற்ற பணம் போன வழியும் அபிஷாவுக்கு நேற்றுத்தான் தெரிந்தது. பாதி அவளுடைய நர்சிங் படிப்புக் கடனுக்கு. மீதி நிச்சயதார்த்தத்துக்கு. முந்நூறு பேருக்குப் பிரியாணி, ஏசி மண்டபம், மாப்பிள்ளைக்கு மோதிரம், மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பட்டு. பணம் இருக்கிறது என்று காட்டுவதிலேயே பணம் தீர்ந்துபோயிருந்தது. வீட்டை வாங்கிய ஜவுளிக்கடை முகம்மது மைதீன் நல்ல மனுஷர். கல்யாணம் முடிந்து இந்த மாசக் கடைசி வரைக்கும் இருந்துகொள்ளுங்கள் டீச்சர், சாவியைத் தரும்போது மிச்சம் இரண்டு லட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்.

கல்யாணம் வியாழக்கிழமை. அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண், மாப்பிள்ளை பெயர்களைச் சபையில் வாசிப்பார்கள். அதுதான் ஓலை. தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். இரண்டு ஓலை முடிந்துவிட்டது. இரண்டிலும் 'சாம்ராஜ் அவர்களின் குமாரத்தி அபிஷா' என்றுதான் வாசித்தார்கள். மூன்றாவது ஓலைக்கு மூன்று நாள் இருக்கும்போது பியூலாவிடமிருந்து போன் வந்தது. சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

"டீச்சர், பிள்ளைய வளத்தது நீங்க. ஓலைல மட்டும் ஒங்க பேரு இல்லைன்னா நல்லாவா இருக்கு? ஹெலன் டீச்சரின் வளர்ப்பு மகள்னு ஒரு வார்த்தை வாசிக்கச் சொல்லுங்க. சபை கேட்டுட்டா அது பத்திரத்துக்குச் சமம்லா."

ஹெலன் சரி என்றார். சாம்ராஜும் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு சாம்ராஜ் வந்தார். திருவேங்கடம் ரோட்டுத் தறி ஷெட்டில் ராத்திரி ஷிப்டு முடித்து நேரே வந்திருந்தார். காதோரத்து மயிரில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஹெலன் அவரை வாசலிலேயே நிறுத்தி ஈரத்துண்டால் துடைத்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயசு ஆள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"சட்டைய எடுத்து வச்சிருக்கேன். மேல் பட்டனைப் போடு. அந்த பியூலா வந்தா நீ முந்திப் பேசாத. என்ன கேட்டாலும், அக்காகிட்ட கேளுங்கன்னு சொல்லு."

"பேசவா எனக்கு வரும்? தறிச் சத்தத்துல யாருக்குப் பேச்சு வரும்."

"அதைத்தான் சொல்லுதேன். நீ பேசுனா தெரு முழுக்கக் கேக்கும்."

மேஜைமேல் ஒரு வெள்ளைத்தாள். ஹெலன் தன் கையெழுத்தில், கரும்பலகையில் எழுதுவது மாதிரி உருட்டி உருட்டி எழுதியிருந்தார். 'என் மகள் அபிஷாவைச் சிறுவயது முதல் என் தமக்கை செல்வி ஹெலன் அவர்களே வளர்த்து, தமது சகல சொத்துக்கும் வாரிசாகக் கருதி வருகிறபடியால், மூன்றாம் அறிக்கையில் என் பெயருக்குப் பதிலாக அன்னாரின் பெயரை வாசிக்க இதன்மூலம் சம்மதிக்கிறேன்.' அப்பாவின் கடிதம் இருந்தால்தான் மாற்றி வாசிப்பேன் என்று குருவானவர் சொல்லியிருந்தார்.

"எங்கன போடணும்?" என்றார் சாம்ராஜ்.

"கீழ, வலது பக்கம். பேரை முழுசா எழுது."

"பேரை எடுக்கச் சொல்லி எழுதுத பேப்பர். அதுலயும் பேரை முழுசா எழுதணுமாக்கும்."

அவர் பேனாவைப் பிடித்தபோது அபிஷா குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றாள். தாளைப் படித்தாள்.

"அப்பா, வீடே இல்ல. ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத்துலருந்து?"

"வித்த அன்னைக்கே அக்கா சொல்லிட்டா. சாட்சிக் கையெழுத்து நாந்தான் போட்டேன்."

அபிஷா அத்தையைப் பார்த்தாள். ஹெலன் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஒனக்குத் தெரிஞ்சா அவன்கிட்ட சொல்லிருவ. அதான் சொல்லலை" என்றார் சாம்ராஜ். மறைக்க அவருக்குத் தெரியாது. கேட்டால் சொல்லிவிடுவார்.

"நான் ஒரு பொய்யும் சொல்லலைட்டி" என்றார் ஹெலன். "வீடு எம் பேர்ல இருக்கான்னு அவங்க கேட்டாங்களா? கேக்கல. நானும் சொல்லல. வந்து பாத்தாங்க, காபி குடிச்சாங்க, அவங்களா கணக்குப் போட்டுக்கிட்டாங்க. அது எங் குத்தமா?"

"இது? சகல சொத்துக்கும் வாரிசுன்னு எழுதியிருக்கியளே."

"சகல சொத்துன்னுதான எழுதியிருக்கேன். இந்தக் கட்டில், பீரோ, கிரைண்டர். அதுக்கு நீதான வாரிசு."

சொல்லிவிட்டு ஹெலனே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அபிஷா அப்பாவின் கையிலிருந்து பேனாவை எடுக்கப் போனாள். அவர் கையை நகர்த்தவில்லை. முப்பத்தைந்து வருஷம் நூலில் ஓடிய விரல்கள். நுனியில் ரேகையே கிடையாது. ஆதார் எடுக்கப் போன இடத்தில் நாலு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"விடுட்டி. அந்தப் பேரை வச்சு நான் என்ன செஞ்சேன்? அதைச் சொல்லிக் கடையில ஒரு கிலோ அரிசி கடன் கேட்டுப் பாரு, தெரியும். இன்னைக்கு ஒருநாளாவது ஒனக்கு ஒதவுது. இல்லைன்னு வாசிச்சா ஒதவுது. இருந்துட்டுப் போகட்டும்."

கையெழுத்துப் போட்டார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு அது வெளியே தெரிகிறது என்று ஹெலன் சொன்னதும் பனியனுக்குள் வைத்தார்.

எட்டே காலுக்குக் கோயில் வளாகத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. புளியங்குடியிலிருந்து பியூலா தன் காதாலேயே ஓலையைக் கேட்க வந்திருந்தார். ஜெபசிங் இறங்கி அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டான். நிச்சயத்துக்கு ஹெலன் எடுத்துக் கொடுத்த பட்டைத்தான் அவர் கட்டியிருந்தார்.

"டீச்சர், எப்படித்தான் இந்த வயசுலயும் இப்படி இருக்கீங்களோ."

"ஒங்களுக்கு என்ன குறை? சேலை ஒங்களுக்குன்னே நெய்தது மாதிரி இருக்கு."

"நீங்க பாத்து எடுத்ததுலா. வர்ற வழியிலதான் பையன்கிட்ட சொல்லிட்டு வந்தேன். டீச்சர் வீட்டு முன்ரூம்ல கிழக்குச் சுவருல ஒரு ஏசி மாட்டிக் குடுத்துருலேன்னு. வயசான காலத்துல அவங்க வேகக் கூடாது பாருங்க."

"தாராளமா மாட்டுங்க" என்றார் ஹெலன். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "மேக்குச் சுவருலயும் ஒண்ணு மாட்டலாம். வெயிலு அந்தப் பக்கந்தான் ஜாஸ்தி."

"அண்ணாச்சி எங்க?"

"உள்ள சபை ஐயரப் பாக்கப் போயிருக்கான். அந்த விஷயமாத்தான்."

பியூலா ஹெலனின் கையைப் பிடித்து அழுத்தினார். இரண்டு பெண்களும் கைகோத்தபடி பெண்கள் பக்கத்து வாசலுக்கு நடந்தார்கள். பார்த்தவர்கள் கூடப்பிறந்தவர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கார் பக்கத்திலேயே ஜெபசிங் நின்றான். அபிஷா போய்ப் பேசினாள். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கிறவர்கள் நின்று பேசுவதை யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். இருந்தாலும் அவள் ஒரு கை இடைவெளி விட்டே நின்றாள்.

"என்ன, கண்டிஷன் லிஸ்டு இன்னும் முடியலையா?" என்றான். இரண்டு மாதமாக அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நின்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொள்வார்கள். கல்யாணத்துக்கப்புறமும் நைட் டியூட்டி போவேன். போ. மாசத்தில் ஒரு ஞாயிறு எங்கப்பாவுக்குச் சோறு என் கையால். சரி. கமிஷன் கடையிலிருந்து வரும்போது எலுமிச்சம்பழ வாசம் அடிக்கிறது என்று மூக்கைப் பொத்தக்கூடாது. பொத்தமாட்டேன், ஆனால் குளித்துவிட்டு வரணும்.

"இன்னைக்கு ஒண்ணு சொல்லுதேன். அது கண்டிஷன் இல்ல" என்றாள் அபிஷா. "அத்தைக்கு வீடு இல்ல. வித்தாச்சு. ஆறு மாசம் ஆச்சு. எனக்கு நேத்துதான் தெரியும். நிச்சயத்துல நீங்க தின்ன பிரியாணி அந்த வீடுதான்."

ஜெபசிங் காரின் பானெட்டைப் பார்த்தான். பிறகு அதை விரலால் தட்டினான்.

"இது யாரு வண்டி தெரியுமா?"

"ஒங்களது."

"ரசூலோடது. நம்ம செட்டு. பெட்ரோல் மட்டும் நான் போட்டேன்."

அபிஷா காரை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள்.

"எங்க எலுமிச்சை கமிஷன் கடையப் பாத்தியல்லா, போர்டு பெருசா இருக்கும். உள்ள தராசு மட்டுந்தான் இருக்கு. அப்பா சீக்குல எல்லாம் போச்சு. விவசாயிக்குப் பணம் குடுக்கலைன்னா எவன் மூடை கொண்டாருவான்? மூணு மாசமா ஒரு மூடை எறங்கல. காலையில போய்க் கடையத் திறந்து, பேப்பர் படிச்சிட்டு, சாயங்காலம் பூட்டிட்டு வாரேன். கல்யாணம் முடிஞ்சா ஒங்க அத்தை வீட்ட அடமானம் வச்சு ஏலத்துல நிக்கலாம்னு அம்மா இருக்கு."

"அப்ப ரெண்டு வீட்டுலயும் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. சத்தம் வராமல், தோள் குலுங்கச் சிரித்தார்கள். இந்த ஆளைத்தான் நமக்குப் பிடித்திருக்கிறது என்று அபிஷாவுக்கு மறுபடியும் தோன்றியது. எனக்கு நர்ஸ் சம்பளம் இருக்கிறது, இவனுக்குக் கையும் காலும் இருக்கிறது. கோவில்பட்டியிலோ தென்காசியிலோ ஒரு வீடு பிடித்தால் ஓட்டிவிடலாம்.

"அப்ப ஒங்கம்மாகிட்டச் சொல்லிருவோமா?"

சிரிப்பு நின்றுவிட்டது.

"இப்பவா?"

"ஓலைக்கு முந்தி. எங்கப்பா உள்ள பேப்பரோட நிக்காரு."

"வேண்டாம் அபி. வியாழக்கிழமை முடியட்டும். முடிஞ்சப்புறம் கத்தும், ரெண்டு நாள் சாப்பிடாது. அப்புறம் சரியாயிரும். இப்பச் சொன்னா கல்யாணமே நிக்கும்."

"அந்தப் பேப்பர்?"

"வாசிச்சிட்டுப் போகட்டும். ஒரு நிமிஷம். யாரு கவனிக்கா?"

"எங்கப்பா பேரை எடுத்துட்டு வாசிப்பாங்க."

"அவரே சம்மதிச்சுத்தான குடுக்காரு? அவருக்கே இல்லாத வருத்தம் நமக்கு எதுக்கு?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வியாபார வீட்டில் வளர்ந்தவன். மூடையில் மேலே நல்ல பழத்தை வைத்து, அழுகலை அடியில் போடுவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவன். அது ஏமாற்று என்றே அவனுக்குத் தெரியாது. அபிஷாவுக்கு அது புரிந்தது. புரிந்ததில் ஆறுதல் எதுவும் இல்லை.

மணி அடித்தது. அவள் நேராகக் கோயிலுக்குப் பின்பக்கம் குருவானவரின் அறைக்குப் போனாள்.

சாம்ராஜ் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. குருவானவர் வெள்ளை அங்கியை மாட்டியபடி தாளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அதை வாசிக்க வேண்டாம்" என்றாள் அபிஷா.

"ஏட்டி, வெளிய போ" என்றார் சாம்ராஜ். அவருடைய குரல் அந்தச் சின்ன அறைக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது. வாசலில் நின்ற பாடகர் குழுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா விஷயம்?"

"அதுல எழுதியிருக்கது நெசம் இல்ல ஐயா. அத்தைகிட்டச் சொத்து எதுவும் இல்ல. நான் யாருக்கும் வாரிசு இல்ல. நான் இவரு மக."

குருவானவர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். வயசாளி. முப்பது வருஷத்தில் எத்தனையோ ஓலை வாசித்தவர். தாளை மடித்து சாம்ராஜிடம் நீட்டினார்.

"பொண்ணுக்குச் சம்மதம் இல்லைன்னா நான் மாத்த முடியாது சாம்ராஜ். ரெண்டு வாரம் எப்படி வாசிச்சேனோ அப்படியேதான் வாசிக்கணும். எனக்கும் அதுதான் நிம்மதி."

சாம்ராஜ் வாங்கவில்லை. அபிஷாதான் வாங்கினாள். வெளியே வந்ததும் அவர் முதல் தடவையாக அவளை அடிப்பதுபோல் பார்த்தார்.

"நான் கேட்டனா? எம் பேரை வாசின்னு நான் ஒங்கிட்ட அழுதனா?"

"அப்பா."

"ஒனக்குன்னு ஒரு வீடு, ஒரு வாசல். அதுக்காக எம் பேருன்னு முழுசா ஒரு பொருள் நான் இன்னைக்குத்தான் குடுத்தேன். அதையும் திருப்பி எங்கிட்டயே குடுத்துட்டியே. வச்சு நான் என்ன செய்ய?"

அவர் ஆண்கள் பக்கம் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் பெண்கள் பக்கம் போய் அத்தைக்கும் பியூலாவுக்கும் பின்வரிசையில் உட்கார்ந்தாள். பியூலா திரும்பி அவள் கன்னத்தைத் தொட்டுச் சிரித்தார்.

இரண்டு பாட்டு, ஒரு வேதபாடம் முடிந்தது. குருவானவர் அறிவிப்புத் தாளை எடுத்தார். முதலில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், அடுத்து கோயில் மதில் வேலைக்கான காணிக்கை. அதற்கப்புறம் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"சங்கரன்கோவில் சபையைச் சேர்ந்த சாம்ராஜ் அவர்களின் குமாரத்தி செல்வி அபிஷாவுக்கும், புளியங்குடி சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற தங்கராஜ் அவர்களின் குமாரன் ஜெபசிங்குக்கும் திருமணம் நடைபெற இருக்கிறது. இவர்கள் இணைவதற்குத் தடை உண்டென்று அறிந்தவர் எவராவது இருந்தால் இப்பொழுதே தெரிவிக்க வேண்டும். இது மூன்றாம் முறை."

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்திவிட்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்வார்கள். அந்த மூச்சு நேரத்தில் பியூலா எழுந்து நின்றார்.

கோயில் முழுக்கத் திரும்பியது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஹெலன் பைபிளின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார் குருவானவர். "தடை எதுவும் உண்டா?"

பியூலாவின் வாய் திறந்திருந்தது. என்ன சொல்ல முடியும்? மாப்பிள்ளைக்கு வேறு சம்சாரம் உண்டு என்றால் அது தடை. பெண்ணுக்குச் சம்மதம் இல்லை என்றால் அது தடை. பெண்ணின் அத்தைக்கு வீடு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் என்பதை இருநூறு பேர் முன்னால், சிலுவைக்குக் கீழே நின்று எந்த வார்த்தையில் சொல்வது? அவருடைய கண் ஆண்கள் பக்கம் போனது. மகன் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்ல ஐயா" என்றார் பியூலா. "புழுக்கமா இருக்கு. கொஞ்சம் காத்தாட நிக்கேன்."

சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் இடிக்காமல், வரிசையில் இருந்த ஒவ்வொருவரிடமும் மன்னிக்கணும் மன்னிக்கணும் என்று சொல்லிக்கொண்டே வெளியே நடந்தார். அவ்வளவு மரியாதையான நடை. குருவானவர் பாட்டு எண்ணைச் சொன்னார்.

ஆராதனை முடிந்து ஆட்கள் கலையும்போது வெயில் ஏறிவிட்டது. வெள்ளைக் கார் வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது. பியூலா உள்ளே இருந்தார். ஜெபசிங் ஸ்டீயரிங்கில் கையை வைத்து உட்கார்ந்திருந்தான். ஏசிக்காக என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அபிஷா தடுப்பதற்குள் சாம்ராஜ் காரிடம் போய்விட்டார். குனிந்து கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி பாதி இறங்கியது. மெதுவாகப் பேசத் தெரியாத ஆள். செருப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

"சம்மந்தியம்மா, பிள்ளை மேல கோவப்படாதீங்க. அது வெளையாட்டுத்தனமாச் செஞ்சிட்டு."

"அண்ணாச்சி, ஒரே வார்த்தை. டீச்சருக்கு வீடு இருக்கா, இல்லையா?"

சாம்ராஜ் திரும்பி அக்காவைப் பார்த்தார். ஹெலன் பத்தடி தள்ளிக் கைப்பையை மார்போடு அணைத்து நின்றார். கேட்டால் சொல்லிவிடுகிற மனுஷன் சாம்ராஜ்.

"இல்ல. வித்தாச்சு. ஆனா இன்னும் ரெண்டு லட்சம் வரணும். மைதீன் பாய்கிட்ட இருக்கு. அதை ஒங்ககிட்டயே குடுத்திருதோம்."

பியூலாவின் முகத்தில் அப்போது கோபத்தைவிட அசதிதான் இருந்தது. அவரும் புருஷனைத் தூக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் பஸ் ஏறி இறங்கியவர்தான்.

"எப்ப?"

"மாசக் கடைசியில."

"அதெல்லாம் ஆகாது. புதன்கிழமை. ரொக்கமா. ஊரைக் கூட்டிப் பத்திரிகை வச்சிட்டேன், இனி நானும் நிறுத்த முடியாது. நீங்களும் நிறுத்த முடியாது."

"புதன்கிழமைன்னா அன்னைக்கே சாவியக் குடுக்கணுமே" என்றார் ஹெலன். இவ்வளவு நேரத்தில் அவர் பேசியது அது ஒன்றுதான். குரல் வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதுபோல் இருந்தது. "மாப்பிள்ளைய மறுவீட்டுக்கு எங்கன அழைக்க?"

பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார்.

"சரி. குடுத்திருதேன். தறிக்காரங்க லயன் வீட்டுல ஒரு ரூம் கெடைக்காமலா போகும்."

அந்த இரண்டு லட்சத்தை ஹெலன் எதற்காக வைத்திருந்தார் என்று அபிஷாவுக்குத் தெரியும். வாடகை அட்வான்ஸ், கண்ணில் புரை எடுப்பது, மிச்சத்தில் மாசம் இவ்வளவு என்று சாகும்வரைக்கும் கஞ்சி. நேற்று ராத்திரி ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார். இரண்டு கண்ணுக்கும் பணம் பற்றாது, ஒரு கண் போதும் என்றுகூடச் சொன்னார்.

அபிஷா காரைச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போனாள். அந்தக் கண்ணாடி முழுக்க ஏற்றியிருந்தது. அவள் தட்டவில்லை. நின்றாள். ஜெபசிங் தானாகவே இறக்கினான்.

"கேட்டியளா?"

"அம்மாதான பேசினாங்க" என்றான். கண் முன்கண்ணாடியிலேயே இருந்தது. "நான் என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். காலையில ரெண்டு வீட்டுலயும் ஒண்ணுமில்லன்னு சேந்து சிரிச்சோம். அப்ப எனக்குப் பயமே இல்ல. இப்ப இருக்கு."

"ஏட்டி, தள்ளி வா" என்றார் சாம்ராஜ். "எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும்ப்பா." அவள் நகரவில்லை. சத்தத்தைக் கூட்டவும் இல்லை. ஊசி போடுவதற்கு முன்னால் நோயாளியிடம் சொல்வதுபோல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"மூணு ஓலையும் முடிஞ்சுபோச்சு. சபையில யாரும் தடை சொல்லல. ஒங்கம்மாவும் சொல்லல. இனி பாக்கி நான் மட்டுந்தான். வியாழக்கிழமை பத்தரை மணிக்கு, இந்தப் புருஷனை ஏத்துக்கிடுதியான்னு ஐயர் எங்கிட்ட கேப்பாரு. அதுக்குள்ள எங்க அத்தைகிட்ட இருந்து ஒரு ரூபா ஒங்க வீட்டுக்கு வந்திருந்தா, அத்தனை பேரு முன்னாலயும் இல்லைன்னு சொல்லுவேன். பணம் வாங்கலைன்னா கல்யாணத்துக்கு வாங்க. கார் வேண்டாம். புளியங்குடி பஸ் போதும்."

"அபி, அம்மா."

"அம்மாகிட்ட நான் பேசல. ஒங்ககிட்டத்தான் பேசுதேன். மூடிக்கிடுங்க, ஏசி போவுது."

அவள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். சாம்ராஜ் காருக்கும் மகளுக்கும் நடுவில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். பிறகு மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, இரண்டு பெண்களுக்கும் ரொம்பப் பின்னால் நடக்க ஆரம்பித்தார்.

"திமிரைப் பாத்தியாலே" என்றார் பியூலா. "வண்டிய எடு."

என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜெபசிங் கியர் போடவில்லை.

"எடுலேங்கேன்."